வரையாடு குட்டி ஈனும் மாதங்கள்

மூணாறு மலைமேல் இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா, ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்படுவது வழக்கம். அது வரையாடுகள் குட்டி ஈனும் காலம். பிறந்து சில நாளே ஆன குட்டி, தாயின் பின்னால் செங்குத்தான பாறைச் சரிவில் ஏறி இறங்கப் பழக வேண்டிய காலமும் அதுதான். விடுமுறைக்கு மலைக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு இப்படியொரு பூட்டு எரிச்சலைத் தருவது இயல்பு. விடுதிக்குப் பணம் கட்டி, வண்டி பேசி, பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்த பிறகு, வாசலில் ஒரு பலகை ‘இன்று இல்லை’ என்றால் யாருக்கும் மனம் சுருங்கும். ஆனாலும் என் கட்சி இதுதான்: மலைப்பகுதித் தேசியப் பூங்காக்களில் நாம் காண விரும்பும் எதுவும் இன்றைக்கு அங்கே மிஞ்சியிருப்பதற்கு முதல் காரணம் இந்த மாதிரிப் பூட்டுகள்தான். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற அக்கறையில் பாதியையாவது இந்தப் பயணத்துக்கு நாள் பார்ப்பதிலும் நாம் காட்ட வேண்டும். பார்க்க வேண்டிய பஞ்சாங்கம் காட்டினுடையது.

தேசியப் பூங்கா என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. பூங்கா என்றால் ஊஞ்சலும் நீரூற்றும் மாலை நடையும்தான் நினைவுக்கு வருகின்றன. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதன் பொருள் வேறு. சரணாலயத்தில் உள்ளூர் மக்களின் சில உரிமைகள் தொடர இடமுண்டு. தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்குக்கூட அனுமதி கிடையாது. காட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு தரலாம் என்று அந்தச் சட்டம் பட்டியலிடும் காரணங்களில் ஆய்வு, ஒளிப்படம் ஆகியவற்றோடு சுற்றுலாவும் ஒன்றாக வருகிறது. பல காரணங்களுள் ஒன்றாகத்தான் வருகிறது. அந்த நிலத்தின் நோக்கமே அதுதான் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்த நிலமும் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். நீலகிரியின் மேற்கு விளிம்பில் இருக்கும் முக்குருத்தி 78. அதை ஒட்டியபடி கேரளத்துக்குள் இறங்கும் சைலன்ட் வேலியின் மையப்பகுதி ஏறக்குறைய 90. மூன்றையும் கூட்டினாலும் சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்கு அருகில்கூட வராது. கொடைக்கானல் மலையின் மேற்கே, வட்டவடைக்குப் போகும் வழியில் இருக்கும் பாம்பாடும் சோலை என்ற தேசியப் பூங்காவின் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையின் கூட்டம் முழுவதும் உள்ளே போக நினைத்தால் இந்த இடங்கள் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஆய்வு தேவையில்லை.

பரப்பு சிறியது என்பதோடு, உயரமும் ஒரு சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலே போனால் காடு ஒரு தனி வடிவம் எடுக்கிறது. குன்றுகளின் முதுகெல்லாம் புல். மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் குட்டையான, அடர்ந்த சோலை. புல்வெளி வெறும் காலியிடமாகத் தெரிந்ததால்தான் ஆங்கிலேயர் காலம் தொட்டு அங்கே சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் பைனையும் நட்டுத் தள்ளினார்கள். நீலகிரியின் பழைய புல்வெளியில் பெரும்பகுதி அப்படித்தான் காணாமல் போயிற்று. உண்மையில் பெய்கிற மழையையும் தவழ்கிற மூடுபனியையும் உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுவது இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்த அமைப்புதான். முக்குருத்திப் பக்கத்து மலைகளில்தான் பவானி பிறக்கிறது. இரவிகுளத்தின் கிழக்குச் சரிவு ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து அமராவதிக்கு வருகின்றன. கோயம்புத்தூர் வட்டாரத்திலும் ஈரோட்டிலும் உடுமலையிலும் கரூரிலும் குழாயைத் திறக்கிறவர்கள், அந்தப் புல்வெளியை ஒருமுறையும் பார்க்காமலே அதனோடு உறவில் இருக்கிறார்கள். ஆகவே அங்கே எத்தனை பேர், எப்போது, எப்படிப் போகலாம் என்ற கேள்வி, மிருகங்களின் மேல் பிரியமுள்ள சிலரின் கவலையோடு முடிவதில்லை. சமவெளியின் தண்ணீர்க் கணக்கிலும் அதற்கு இடமுண்டு.

கட்டுப்பாடு பலன் தருமா என்பதற்கு இரவிகுளமே நல்ல சான்று. தேயிலைத் தோட்டத் துரைமார் வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்த நிலம் அது. முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு அமர்த்தி, தாங்கள் மட்டும் சுடுவதற்காகப் பாதுகாத்தார்கள். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆன பிறகு துப்பாக்கி போய் டிக்கெட் வந்தது. இன்று ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வந்து போகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் காண்பது ராஜமலை என்ற ஒரு மூலையை மட்டுமே. சொந்த வண்டி உள்ளே போக முடியாது. வனத்துறைப் பேருந்தில் ஏறி, இறங்கி, ஒரே பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பிவிட வேண்டும். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி கண்ணெதிரே நிற்கும், ஏற அனுமதியில்லை. பூங்காவின் பெரும்பகுதியில் பயணிகளின் காலே படுவதில்லை. விளைவு என்ன? 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் உலகத்தில் மிஞ்சியிருக்கும் வரையாடுகள் ஏறக்குறைய 2,670 என்று தெரிந்தது. அதில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை இரவிகுளத்தில் மட்டும் இருக்கின்றன. மிகுதியான பயணிகள் வருகிற பூங்காவிலேயே மிகுதியான வரையாடுகளும் வாழ்கின்றன என்பது முரணாகத் தோன்றும். கூட்டத்தை ஒரு மூலையோடும், வருகையைக் குறிப்பிட்ட மாதங்களோடும் நிறுத்திய ஒழுங்கினால் கிடைத்த பலன் அது. ராஜமலையில் வரையாடு மனிதரைக் கண்டு மிரளாமல் பாதையோரம் நின்று புல் மேய்வதைப் பார்த்து வியக்கிறோமே, அந்தத் துணிச்சலும் அங்கே பல தலைமுறையாக யாரும் அதைத் துரத்தாததால் வந்ததுதான்.

ஒழுங்கு இல்லாத இடத்தில் நடப்பதையும் பார்த்துவிட்டோம். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் சீகூர் பீடபூமி யானைகள் காலங்காலமாகக் கடந்து போகும் வழி. அந்த வழியின் குறுக்கே ரிசார்ட்டுகளும் மின்வேலிகளும் பெருகி, வழக்கு நடந்து, யானை வழித்தடத்தை மீட்க வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடிப் பக்கம் தங்கும் விடுதி ஒன்றை நெருங்கிய ஆண் யானையின் மேல் எரியும் பொருளை வீசினார்கள். காதோரம் வெந்து, நாள்கணக்கில் அலைந்து, அது செத்தது. காட்டை ரசிக்க வருகிறவர்களுக்காகக் கட்டிய இடத்தில் காட்டுக்குச் சொந்தமான உயிருக்கு நேர்ந்தது இது. மனித உயிருக்கும் இதே கதிதான். 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில், உரிய அனுமதி இல்லாத பாதையில் போன மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பதை எந்த வேட்டைத் தடுப்புக் காவலரும் சொல்லியிருப்பார். கேட்பதற்கு ஏற்பாடு இல்லை. தீக் காலத்தில் பாதைகளை மூடுவது அதிகாரிகளின் சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு நாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு எதிராக எழும் கேள்விகள் லேசானவை இல்லை. முதலாவது, உரிமையைப் பற்றியது. பூங்கா பொதுச் சொத்து. நம் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே போக ஏன் இத்தனை கெடுபிடி? நியாயமான கேள்விதான். ஆனால் அணையும் பொதுச் சொத்துதான். ஆவணக் காப்பகமும் பொதுச் சொத்துதான். பொது என்பதற்கு எல்லோரும் ஒரே நாளில் உள்ளே நுழையலாம் என்று பொருள் கொள்ள முடியாது. இன்னும் பிறக்காதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. வரம்பு இருக்கட்டும், ஆனால் அது பணத்தால் வரம்பு கட்டுவதாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கேள்வியில் உள்ள உண்மையான கூர்மை. கட்டணத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது எளிய வழி. அதைச் செய்தால் காடு வசதியுள்ளவர்களின் முற்றமாகிவிடும். எண்ணிக்கையை நிர்ணயித்து, முன்பதிவு செய்கிறவர்களுக்கு வரிசைப்படி, கட்டக்கூடிய விலையில் இடம் தருவதே நேர்மையான முறை. வனத்துறைப் பேருந்தில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கையில் உட்கார்ந்து போவதை நான் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கேள்வி, நாட்காட்டியைப் பற்றியது. பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது போகாமல் எப்போது போவது? போதாக்குறைக்கு, விலங்குகள் கண்ணில் படுவதும் கோடையில்தான். மழைக்குப் பிறகு உண்ணிச்செடிப் புதர் ஆளுயரம் வளர்ந்து, பத்தடி தூரத்தில் நிற்கும் காட்டுமாடுகூடத் தெரியாது. வறட்சியில்தான் அவை நீர்நிலைகளுக்கு வந்து நிற்கும். இந்த வாதத்தில் உள்ள தகவல் சரி. ஆனால் அதே தகவலை விலங்கின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ஒரே குட்டையை நம்பி யானையும் கடமானும் செந்நாயும் இருக்கிற மாதங்களில், அந்தக் குட்டைக்கு அருகே ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. நமக்கு அது நல்ல காட்சி, அவற்றுக்கு அது நெருக்கடி. பள்ளி விடுமுறை என்றால் கோடை மட்டும் இல்லையே! காலாண்டுத் தேர்வுக்குப் பிறகும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகும் கிடைக்கிற நாட்கள் குறைவுதான். ஆனால் ஒரே ஒரு பூங்காவுக்குப் போய் வர அவை போதும். டிசம்பர் இறுதியில் உயர்மலைப் புல்வெளி பச்சை மாறாமல், ஓடைகளில் நீரோடு இருக்கும். குளிருக்குக் கம்பளி எடுத்துப் போனால் சரி. புத்தாண்டு வாரத்தின் கூட்டம் அப்போதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதையும் தவிர்க்க முடிந்தவர்கள், சிறு குழந்தைகள் இல்லாதவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், கோடையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து வேறு மாதங்களில் போகலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகத்தான் வேண்டும் என்றால் இப்போது இ-பாஸ் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடைக்கால வாகனங்களுக்கு நாள் வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இது பொருந்தாது. வணிகர்கள் எதிர்த்தார்கள், கடையடைப்பும் நடந்தது. அவர்களுடைய அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. மலையூர்களில் தேநீர்க் கடைக்காரரும் வர்க்கி விற்கிறவரும் வாடகை ஜீப் ஓட்டுகிறவரும் ஆண்டு முழுவதும் சாப்பிடுவது அந்த எட்டு வாரங்களின் வரும்படியில்தான். ஆனால் சிக்கலின் வேரும் அங்கேதான் இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் மொத்தப் பிழைப்பையும் எட்டு வாரத்துக்குள் திணித்தது யார்? ஒரே பருவத்தில் கிளம்பும் நம் பழக்கம்தான். அதே எண்ணிக்கையிலான மக்கள் ஆண்டு முழுவதும் பரவலாக வந்தால், வியாபாரிக்கு நஷ்டமில்லை, மலைப்பாதை அடைபடாது, குப்பை அள்ளுகிற தூய்மைப் பணியாளரின் முதுகும் ஒடியாது.

கட்டுப்பாடும் பிழைப்பும் எதிரிகள் என்று நினைப்பதற்கு மறுப்பாகத் தேக்கடி இருக்கிறது. பெரியாறு காப்பகத்தில் கள்ளத்தனமாகக் காட்டு லவங்கப்பட்டை உரித்து விற்று வந்தவர்களை, 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அழைத்துப் பேசி, வழிகாட்டிகளாக மாற்றியது. காட்டின் ஒவ்வொரு கள்ளப் பாதையும் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவே பிறகு காவலாயிற்று. சிறு குழுக்களை நடைப்பயணம் அழைத்துப் போவதில் கிடைத்த வருமானம், பட்டை உரிப்பதில் இருந்த வழக்கும் சிறையும் இல்லாத வருமானம். பெருங்கூட்டத்தை வைத்து இதைச் செய்ய முடியாது. பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற அளவில்தான் அந்த ஊதியத்துக்கே இடமிருக்கிறது. குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு வகுத்த மலையேற்ற விதிகளும், 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டமும் இதே திசையில் போகின்றன. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற பழங்குடி, உள்ளூர் இளைஞர்கள் வழித்துணை.

இனி ஒரு கனமான வாதம். பார்க்காததை எவரும் காக்க மாட்டார்கள். ஆகவே நிறையப் பேரை உள்ளே விட்டால்தான் காட்டுக்கு ஆதரவு பெருகும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டிச் சைலன்ட் வேலியை மூழ்கடிக்கும் மின்திட்டத்தை எதிர்த்து 1970களின் பிற்பாதியில் எழுந்த இயக்கம், இந்தியச் சூழல் போராட்டங்களில் பெரிது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. கவிஞர் சுகதகுமாரி முன்னின்றார். பறவையியலாளர் சாலிம் அலி குரல் கொடுத்தார். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்காகத் தெருவில் இறங்கிய மாணவர்களிலும் ஆசிரியர்களிலும் மிகப் பலர் அந்தக் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. அங்கே வாழும் சிங்கவால் குரங்கின் பெயரையே அந்தப் போராட்டத்தில்தான் கேள்விப்பட்டார்கள். அறிவும் அக்கறையும் வகுப்பறையிலும் மேடையிலும் பத்திரிகையிலும் பிறந்தன. மாறாக, நேரில் போய்ப் பார்ப்பது தானாகவே அக்கறையைத் தந்துவிடும் என்றால், வால்பாறை புதுத்தோட்டம் சாலையோரத்தில் அதே சிங்கவால் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறவர்கள் இருக்க மாட்டார்கள். மர உச்சியிலேயே வாழப் பிறந்த அந்தக் குரங்கு, உணவுக்காகத் தார்ச்சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபட்டுச் சாகிறது. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுத்து, அதைக் காப்பாற்ற முயல்கிறார்கள். இன்று சைலன்ட் வேலிக்குப் போகிறவர்கள் அட்டப்பாடியில் முக்காலி வரை போய், அங்கிருந்து வனத்துறை வண்டியில் வழிகாட்டியோடுதான் காட்டுக்குள் இருக்கும் சைரந்திரிக்குப் போக முடியும். ஆனைகட்டி வழியாகக் கோவையிலிருந்து நெருக்கம்தான். இறங்கி நிற்கும் அந்தச் சிறிய இடத்தில், எதைக் காண்கிறோம், அது எப்படித் தப்பியது என்று சொல்ல ஒருவர் உடன் இருப்பதால், அந்தச் சில மணி நேரத்துக்கு எடை கூடுகிறது.

எனக்கு மறுமொழி சொல்லக் கடினமாக இருக்கும் கேள்வி வேறொன்று. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, பட்டணத்துக்காரர்களை டிக்கெட் கொடுத்து உள்ளே விடுவது என்ன நியாயம்? முக்குருத்திச் சிகரம் தோடர்களுக்குப் புனிதமானது. அந்தப் புல்வெளியில் அவர்களுடைய எருமைகள் நூற்றாண்டுகளாக மேய்ந்தன. ஆனைமலையில் காடர்களும் இரவிகுளத்தைச் சூழ்ந்து முதுவர்களும் எந்தச் சட்டத்துக்கும் முன்பிருந்தே வாழ்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்டு எழுதப்பட்டது. நடைமுறை இன்னும் பின்தங்கியே நிற்கிறது. இந்தக் குறையைக் காட்டி எல்லோரையும் உள்ளே விடு என்பது தீர்வாகாது. முதலில் அவர்கள் உரிமை, பிறகு நம் உல்லாசம் என்ற வரிசையை ஏற்பதே தீர்வு. பூங்கா வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும், எந்தப் பாதை எப்போது திறக்கலாம் என்பதில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பும் வேண்டும். பயணியின் தரப்பில் செய்யக்கூடியது சிறிது உண்டு: பழங்குடியினர் கூட்டுறவாக நடத்தும் கடையில் தேனும் மிளகும் வாங்குவது, வழிகாட்டியை ஓட்டுநரின் உதவியாளராக நடத்தாமல் ஆசானாக மதித்துக் கேட்பது.

ஆகவே நடைமுறையில் ஒரு விடுமுறை எப்படி அமைய வேண்டும்? மூன்று நாளில் முதுமலை, ஊட்டி, மூணாறு என்று ஓடும் திட்டத்தை முதலில் கைவிட வேண்டும். அதில் பாதி நேரம் கொண்டை ஊசி வளைவுகளிலேயே கழிந்துவிடும். ஒரு பூங்கா, அதன் அருகே அனுமதி பெற்ற தங்குமிடத்தில் இரண்டு இரவு. கிளம்புவதற்கு முன் வனத்துறைத் தளத்தைப் பார்த்து, திறந்திருக்கிறதா என்று உறுதி செய்வது. தனியார் ஜீப்பில் இரவுச் சவாரி கூட்டிப் போகிறேன் என்று யாராவது அழைத்தால் அது சட்டவிரோதம், மறுத்துவிட வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை; வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போகலாம். புலி பார்க்கத்தான் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வராத புலிக்காகப் பிள்ளை அழுதுகொண்டே திரும்பும். சோலையின் ஓரத்தில் பாசி படர்ந்த மரத்தையும், மலபார் அணிலையும், தவளைச் சத்தத்தையும் காட்டினால் அதே பிள்ளை அரைமணி நேரம் அசையாமல் நிற்கும்.

இரவிகுளத்தின் சரிவுகளை நீலமாக்கும் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இல் பூத்தது. 2018இல் பூத்தபோது ஆகஸ்டில் கேரளத்தையே புரட்டிப்போட்ட வெள்ளமும் நிலச்சரிவும் வந்து, பலருடைய பயணம் நின்றுபோனது. அடுத்த பூப்பு 2030. அந்த ஆண்டு ஏறக்குறைய ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூணாறு மலைக்குக் கூட்டம் திரளப்போகிறது என்பதில் ஐயமில்லை. நாள் ஒன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வனத்துறை அறிவித்தால், அதை எதிர்த்து மனுக் கொடுக்காமல் வரிசையில் பெயர் பதியுங்கள். இடம் கிடைத்தால், ஒரு செடியையும் பறிக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். பூத்து, விதை விழுந்து, செடி மடிந்த பிறகுதான் 2042க்கான நாற்று அந்த மண்ணில் முளைக்கும்.